எறும்பு மொய்த்த பஞ்சு!

"ஐயோ... எங்கண்ணனைக் கொன்னுட்டா!"

காலை ஒன்பது மணி. வேங்கிக்காலின் அந்தத் தெருவே முருகவேலின் அலறலில் திடுக்கிட்டது.

ஹாலில் அவன் அண்ணன் சகாதேவன் விழுந்து கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண்கள் செருகியிருந்தன.

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போனது.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வி உள்ளே நுழைந்தார். பின்னால் கான்ஸ்டபிள் அன்பரசன்.

"இவதான் மேடம்! இன்சுலினை ஜாஸ்தியா ஏத்திட்டா!" அண்ணி அருணாதேவியை நோக்கி விரல் நீட்டினான் முருகவேல்.

"வாயக் கழுவுடா!" சீறினாள் அவள். "சமாதானம் பேசறேன்னு ஏழு மணிக்கு வந்தது யாரு? நீதானே அவர் விரல்ல குத்திப் பாத்த? சுகர் நானூத்திப் பன்னெண்டுன்னு மெஷினைக் காட்டின. அதுக்குத்தான் ஊசி போட்டேன்!"

தமிழ்செல்வி அவன் பக்கம் திரும்பினார்.

"குத்தறதுக்கு முன்னாடி விரலை எதால தொடைச்ச?"

"ஸ்பிரிட்டுல மேடம்."

தமிழ்செல்வி குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது ஒரு பஞ்சு...

அதன்மேல் எறும்புக் கூட்டம்!

"ஸ்பிரிட்டை எறும்பு தின்னுமா முருகவேல்?"

அவன் முகம் வெளிறியது.

"குளுக்கோஸ் தண்ணியில நனைச்ச பஞ்சு! விரல்ல ஒட்டின சர்க்கரையையும் சேத்து மெஷின் காட்டிடுச்சு. இல்லாத சுகருக்கு ஊசி! கிரிவலப் பாதையில நீ கார் ஏத்தி ஒருத்தரைக் கொன்ன கேஸ்ல, நாளைக்கு உங்கண்ணன் சாட்சி சொல்லணும்... அதானே?"

"ஆமா! கூடப் பொறந்தவனையே ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தான். சாவட்டும்!"

அன்பரசன் விலங்கை மாட்டினார்.

"படுபாவி!" தலையில் அடித்துக்கொண்டாள் அருணாதேவி.

"கொஞ்சம் இருங்கம்மா." தமிழ்செல்வி மெஷினின் பட்டனை அழுத்தினார். பார்த்த அளவெல்லாம் நேரத்தோடு அதில் பதிந்திருந்தது. "ஏழு பத்துக்கு 412. அப்புறம் இவன் எப்பப் போனான்?"

"உடனே போயிட்டான். அப்புறம் ஒன்பது மணிக்குத்தான் திரும்பி வந்தான்."

"அப்ப ஏழு பதினாறுக்கு 104 வந்திருக்கே... அது யாரு பாத்தது?"

அருணாதேவி மெஷினைப் பிடுங்கக் கை நீட்டினாள். தமிழ்செல்வி விலக்கிக்கொண்டார்.

"ஊசியே போட்டிருந்தாலும் ஆறு நிமிஷத்துல முந்நூறு எறங்க எந்த உடம்பாலயும் முடியாது. உனக்கு இவன் மேல சந்தேகம். அவர் கையக் கழுவவிட்டு, வேற விரல்ல குத்திப் பாத்த. சுகர் சரியா இருக்குன்னு தெரிஞ்சும் ஊசியை ஏத்தின! புருஷன் போனா வீடு உனக்கு. பழி கொழுந்தனுக்கு. ஒரே குத்துல ரெண்டு பேரு!"

அருணாதேவி கண்ணைத் துடைத்தாள். குரலில் துளி நடுக்கமில்லை.

"செத்துட்டாரா... இல்லையா?"

தமிழ்செல்வியின் செல்போன் அலறியது. மறுமுனையில் டாக்டர் அறிவுச்செல்வன்.

"பொழைச்சுட்டார் மேடம்! சுகர் எறங்க எறங்க, கல்லீரல் தான் சேத்து வெச்சிருந்த சர்க்கரையை ரத்தத்துல கொட்டியிருக்கு. அதனாலதான் நாங்க குளுக்கோஸ் ஏத்துற வரைக்கும் தாக்குப் பிடிச்சார். இப்ப கண்ணு முழிச்சு, 'எங்க வீட்டாளுங்க யாரும் வரலையா'ன்னு கேக்கறார்... என்ன சொல்றது?"

தமிழ்செல்வி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேரும் எங்க ஜீப்புல ஏறிட்டாங்க. அவருக்குன்னு மிச்சம் இருக்கிற ஒரே சொந்தம் கல்லீரல்தான்... அதையாவது பகைச்சுக்காம இருக்கச் சொல்லுங்க டாக்டர்!"