பதினேழாம் கட்டில்

பின்னேரம் மூன்று மணிக்கு டொக்டர் இராகுலன் வார்ட்டுக்குள் வந்தபோது துறைமுகத்தின் மேல் மழை இருட்டிக்கொண்டு நின்றது. டெட்டோல் வாசனையோடு உப்புக்காற்றும் வீசியது. மனிதர் குஷியாக இருந்தார், இருக்கமாட்டாரா பின்னே!

பதினாறாம் கட்டிலில் குணேஸ்வரி. சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க வருடக்கணக்கில் போட்ட குழாய்களால் நெஞ்சின் இரு பக்க நாளங்களும் அடைத்துப்போனவர். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கம்பியைத் தோள் வழியே இறக்க வழியில்லை. நேற்று டொக்டர் துணிந்து, தொடைக்கு மேலுள்ள நாளத்தால் கம்பியை இதயம்வரை ஏற்றி, பெட்டியை அடிவயிற்றில் வைத்துத் தைத்துவிட்டார்.

இந்தத் துணிச்சல் போன மாரியில் இருந்திருந்தால் சாம்பல்தீவுச் சோமசேகரம் ஐயா பிழைத்திருப்பார்.

அவருக்கும் இதே அடைப்புத்தான். தொடையால் தற்காலிகக் கம்பி ஒன்றை விட்டு, கொழும்பு நிபுணர்களிடமிருந்து பதில் வரட்டும் என்று பதினேழாம் கட்டிலில் பதினொரு நாள் கிடத்தினார் டொக்டர். உண்மையில் பயம். காலை மடக்கினால் கம்பி விலகிவிடும். அதனால் தன் கையாலேயே ஐயாவின் முழங்காலைக் கட்டில் சட்டத்தோடு பண்டேஜ் துணியால் கட்டிவைத்தார். மூன்று முடிச்சு, அது அவருடைய பழக்கம்.

"நிரந்தரமா எப்ப தம்பி போடுவியள்?"

"இன்னும் ரெண்டு நாள் ஐயா."

பதினோராம் நாள் ஐயா தூக்கத்தில் துணியை அறுத்துக் காலை மடக்கினார். அவ்வளவுதான்.

டொக்டர் குனிந்து குணேஸ்வரியின் முழங்கால் கட்டை அவிழ்த்தார்.

"இனி மெல்ல மடக்கலாம் அம்மா."

"அவருக்கும் அவிழ்த்துவிடுங்கோ டொக்டர். விடிய விடிய அனுங்கினவர்."

"ஆருக்கு?"

குணேஸ்வரி பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

அது வெறுங்கட்டில், விரிப்பு மட்டும் போட்டிருந்தது.

"பதினேழுக்கு நேற்றும் இண்டைக்கும் ஆரும் வரேல்லையே" என்றார் தாதி லோஜினி.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அந்தக் கட்டிலின் சட்டத்தில் ஒரு பண்டேஜ் துணி தொங்கியது. மூன்று முடிச்சு. மறு நுனி அறுந்திருந்தது.

டொக்டர் குனிந்து முடிச்சைப் பிடித்தார். அவிழ்க்க முயன்றார். முடிச்சு இளகவில்லை. துணியில் உடம்புச்சூடு இருந்தது.

"என்னை மன்னியுங்கோ ஐயா" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

விரிப்பு, முழங்கால் இருக்கும் இடத்தில், மெல்ல மேலே எழும்பியது.

குணேஸ்வரி அந்தப் பக்கம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"டொக்டர், கால் வழியா நிரந்தரமாப் போடலாம்தானே, அப்ப தனக்கு எப்ப எண்டு கேக்கிறார்."