சாட்சிக்கு ஆகாத மருமகள்

விடிந்ததிலிருந்தே வீடு சரியில்லை. மாமனார் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, முன்னறை மேஜையைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனிதர். தெருவில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததால் எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'. அவர் கையால் மேஜை துடைத்ததாகச் சரித்திரமே கிடையாது!

"யாரு மாமா வராங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"வக்கீலம்மா. உயில் எழுதப் போறேன். உன் நாத்தனாரும் வரா. நீ டீ போட்டுக் குடுத்துட்டு சமையல்கட்டுலயே இரு. கதவைச் சாத்தினப்புறம் இந்தப் பக்கம் வரக் கூடாது, என்ன?"

மருமகள் தலையாட்டினாள். ஆனால் மனசு ஆட்டம் கண்டுவிட்டது.

புருஷன் போய் மூன்று வருஷம் ஆகிறது. "எங்களோட வந்து இரு" என்று பிறந்த வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்டார்கள்! மாமாவைத் தனியே விட மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டாள். காலையில் அவருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைப்பாள். எதையும் எதிர்பார்த்துச் செய்தவள் இல்லை. ஆனாலும் ஒரு பேச்சு மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால் நாத்தனார் சொன்னது.

"எங்க அண்ணனே போயாச்சு... இனிமே இவங்களுக்கு இந்த வீட்ல என்ன இருக்கு?"

அந்த நாத்தனார்தான் இப்போது வக்கீலம்மாவோடு வந்து, நேரே அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே மருந்துக்கடைக்காரரும் பக்கத்து வீட்டு டெய்லரும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தார்கள். டீ கொடுத்துவிட்டு மருமகள் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. டெய்லர் உள்ளே! ஜாக்கெட்டை என்றைக்காவது சொன்ன தேதிக்குக் கொடுத்திருப்பாரா அந்த மனிதர்? அவருக்கு உள்ளே நாற்காலி, இவளுக்குச் சமையல்கட்டு!

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"என் கண்ணாடி எங்கே? படிச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

கண்ணாடி சமையலறை ஜன்னலில் இருந்தது. பழக்கதோஷம், எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்து ஒரு காலை வைத்தாளோ இல்லையோ...

"உள்ள வராதே! சொன்னா கேக்கமாட்டே? நில்லு அங்கேயே!"

பிரேக் போடாத மாணவனைக்கூட வாத்தியார் அப்படிக் கத்தியதில்லை. நாத்தனார் எழுந்து வந்து, கதவிடுக்கில் கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். முகத்துக்கு நேரே கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

சொல்லுங்கள், யாருக்குத்தான் வலிக்காது? மருமகள் அழுதுகொண்டே அறைக்குப் போனாள். பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கினாள். நாலு புடவை, புருஷனின் போட்டோ... இந்த வீட்டில் 'என்னுடையது' என்று எடுக்க வேறென்ன இருக்கிறது?

முன்னறைக் கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரரும் டெய்லரும் கிளம்பிப் போனார்கள். மருமகள் பெட்டியோடு எதிரே வந்து நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?" வாத்தியார் திடுக்கிட்டார்.

"போறேன் மாமா... நீங்க யாருக்கு வேணா எழுதுங்க, நான் கேக்கலை. ஆனா ஒரு கண்ணாடி குடுக்க வந்தவளை நாலு பேர் முன்னாடி நாயை விரட்டற மாதிரி... தெருவுல இருக்கறவங்க சாட்சியாம், நான் மட்டும் அந்நியமா? சாட்சிக்குக்கூட ஆகாதவளா நான்?"

"ஆகாதுதான்மா," என்றார் வக்கீலம்மா அமைதியாக. "உயில்ல யாருக்குச் சொத்து வருதோ அவங்க சாட்சிக் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டா அவங்களுக்கு எழுதினதே செல்லாம போயிடலாம்."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாருக்கு... வருது?"

"உனக்குத்தான், மக்கு! இந்த வீடு உனக்கு!" என்றார் வாத்தியார்.

வக்கீலம்மா விளக்கினார். "சார் காலத்துக்கப்புறம் இந்த உயிலைக் கோர்ட்ல காட்டி, அவர் சுயபுத்தியோட எழுதினதுதான்னு நிரூபிக்கணும். அப்ப சாட்சிங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. 'மருமக பக்கத்துலயே நின்னாங்களா'ன்னு ஒரு கேள்வி வரும். நீங்க நின்னிருந்தா, மிரட்டி எழுத வெச்சதா யாராவது கிளப்பிவிடலாம். அதனாலதான் உங்களை உள்ள விடலை."

"சாட்சி சொல்ற ஆளு எனக்கு முன்னாடி போயிடக் கூடாதில்ல? அதான் வயசு கம்மியா ரெண்டு பேரைப் புடிச்சேன்," என்றார் வாத்தியார்.

"அப்ப... இவ?" மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள்.

"உள்ள உக்காந்திருந்த எனக்கு ஒண்ணுமே இல்லை அண்ணி." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எனக்கு வேண்டாம்னு நான்தான் சொன்னேன். என் கல்யாணத்தப்பவே அப்பா எல்லாம் செஞ்சுட்டாரு. உயில்ல இருக்கறதை நடத்திக் குடுக்கற பொறுப்பு மட்டும் என் பேர்ல. நாளைக்கு எவனாவது உங்களை வீட்டை விட்டுப் போன்னு சொன்னா, முதல்ல என்கிட்ட வரணும்! அன்னிக்கு துக்கத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்... அந்தப் பாவத்துக்கு இதாவது செய்யறேனே!"

மருமகள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப ஆடாதீங்க. நான் உசிரோட இருக்கற வரைக்கும் எப்ப வேணா மாத்தலாமாம். டீயில சர்க்கரை குறைஞ்சா மாத்திடுவேன்!" என்று வாத்தியார் மிரட்டினார்.

"உங்களுக்குச் சர்க்கரையே கூடாது மாமா!" என்றாள் மருமகள், அழுகைக்கு நடுவிலும்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வக்கீலம்மாவைப் பார்த்தாள்.

"மேடம், நானும் உயில் எழுதலாமா?"

"தாராளமா. வயசானாதான் எழுதணும்னு இல்லை, புத்தி தெளிவா இருந்தா போதும்."

"அது இருக்கான்னு நல்லா விசாரிங்க!" என்றார் வாத்தியார், பெட்டியைப் பார்த்தபடி.

மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நீ கொஞ்சம் வெளியே போய் இரும்மா."

நாத்தனார் முகம் சட்டென்று வாடியது. "ஏன் அண்ணி? நான்தான் மன்னிப்பு..."

பாதியிலேயே நின்றுவிட்டாள். அண்ணியின் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. "அண்ணீ..." என்று பாய்ந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் வக்கீலம்மாவே கைக்குட்டையைத் தேடினார்.

"போன்னு சொன்னேன்ல... போ வெளியே," என்றாள் மருமகள், பிடித்த பிடியை விடாமலேயே.

வாத்தியார் ஜன்னலுக்கு ஓடித் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"டெய்லரே! கடையைத் திறந்துடாதே! வீட்ல இன்னொரு கையெழுத்து இருக்கு!"