மியூரியலின் வீடு சூடான இரவு

மியூரியல் சக்டன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். கன்னங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. இங்கிலாந்தின் கீத்லியில் ஜனவரி மாதம் எந்தக் கிழவிக்கும் அப்படி ஒரு நிறம் வராது. டாக்டர் உள்ளே வந்ததும், "ஜன்னலையெல்லாம் திறங்க. விஷவாயு" என்றார்.

காலை எட்டரை மணி. முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு கிளிஃபோர்ட், அவளுடைய இறந்துபோன கணவனின் தம்பி. கொல்லைச் சுவரில் கையெட்டும் உயரத்தில், வெந்நீரைச் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரின் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் கறுப்பு ஈரத்துணி ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. புகை முழுக்க வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது.

"நேத்து ரேடியேட்டர் கழுவ வந்தாளே, அவ மறந்து வெச்சிட்டுப் போன துணி. கொலைகாரி!" என்று கிளிஃபோர்ட் தெருவே கேட்கக் கத்தினார். தெருவும் கேட்டது, உடனே நம்பியது. அடுத்தவர் தலையை உருட்டுவதென்றால் எங்கள் தெருவுக்குக் குளிர்கூடத் தெரியாது.

ஒன்பதரைக்கு ரேடியேட்டர் கழுவிய ட்ரேசி பூத் வந்து சேர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போலீஸ் சார்ஜென்ட் ஓல்ட்ராய்ட் அம்மாள் அவளை மியூரியலின் சமையலறையில் உட்காரவைத்தார். அந்த அம்மாள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"துணி உன்னோடதா, கண்ணு?"

"என்னோடதுதான். துடைச்ச துணியெல்லாம் கொல்லையில குப்பைத்தொட்டியில போட்டேன். போட்டதாத்தான் ஞாபகம்."

"ஏன் இவ்வளவு கறுப்பு?"

"குழாய்க்குள்ள ஊறின இரும்புத்துரு. அடியில சேறா தங்கிடும், ரேடியேட்டர் பாதிதான் சூடாகும். என் மெஷின்ல காந்தம் வெச்சுத்தான் அதப் பிடிப்பேன்."

"வேலை முடிஞ்சதும்?"

"ஒரு மணி நேரம் பாய்லர ஓடவிட்டு இங்கயே ரெண்டு பேரும் டீ குடிச்சோம். புகைக்குழாயப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன். ஆனா நேத்து பாத்தேனா? சத்தியம் பண்ண முடியல, சார்ஜென்ட்." ட்ரேசி உடைந்து அழுதாள். லைசென்சு போகும், சிறையும் உண்டு. அதையெல்லாம்விட, ஒரு உயிரைத் தானே கொன்றுவிட்டோமோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"டீ குடிக்கறப்போ தலை சுத்திச்சா?"

"இல்லையே. மியூரியல் பாட்டுகூடப் பாடினாங்க. 'இனிமே முதியோர் இல்லத்துக்குப் போகமாட்டேன், சாகற வரைக்கும் இங்கதான்'னாங்க. கிளிஃபோர்ட்கிட்ட வேலியோரம் நின்னு சொல்லிட்டும் வந்தாங்க."

ஓல்ட்ராய்ட் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார்.

கிளிஃபோர்டின் சமையலறை சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் மேல் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. விரல்களில் துவைத்தும் போகாத கறுப்புத் திட்டு.

"நேத்து அண்ணியப் பாத்தீங்களா?"

"இல்ல. சளி. நாள் முழுக்கப் படுத்திருந்தேன்."

"கையுறை?"

"கரி அள்ளினது."

"கரி அள்ளுற கையுறைய யாருங்க துவைப்பா?"

"நான் சுத்தக்காரன்" என்றார் கிளிஃபோர்ட், சிரிக்காமல்.

ஓல்ட்ராய்ட் ஒரு வெள்ளைச் சாசரை எடுத்து அதன்மேல் கையுறையைத் தட்டினார். கறுப்புத் தூள் கொட்டியது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஸ்கார்பரோ கடற்கரையில் வாங்கிய கழுதைப் பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கி, சாசருக்கு அடியில் மெல்ல நகர்த்தினார். தூள் முழுக்க முள்ளாகச் சிலிர்த்து நின்றது. பிறகு காந்தம் போன பக்கமெல்லாம் ஊர்ந்தது.

கிளிஃபோர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரி காந்தத்துக்கு அசையாதுங்க. இது உங்க அண்ணி வீட்டுத் துரு. அந்தத் துணி முதல்லேர்ந்தே குழாய்ல இருந்திருந்தா, டீ குடிச்ச ரெண்டு பேருக்கும் அப்பவே மயக்கம் வந்திருக்கும். அவ கிளம்பினப்புறம் தொட்டியிலேர்ந்து யாரோ எடுத்திருக்காங்க. ரேகை பதியக்கூடாதுன்னு கையுறை மாட்டினீங்க. ஈரத்தோட விட்டிருந்தா கம்பளியிலேயே ஒட்டிக்கிட்டிருக்கும். காயவெச்சு உதிர வெச்சுட்டீங்க."

"எனக்கு எதுக்கு அவ சாகணும்?"

"அவங்க காலி பண்ணினாலோ செத்தாலோ வீடு உங்களுக்குன்னு உங்க அண்ணன் எழுதிவெச்சது தெருவுக்கே தெரியும். குளிர் தாங்காம முதியோர் இல்லத்துக்குப் போயிடுவாங்கன்னு காத்திருந்தீங்க. நேத்து வீடு சூடாயிடுச்சு."

கிளிஃபோர்ட் நாற்காலியில் சரிந்தார். "பதினொரு குளிர்காலம்" என்றார். "பதினொண்ணு காத்திருந்தேன்."

அவரை வண்டியில் ஏற்றியபோது தெரு வேடிக்கை பார்த்தது. ட்ரேசியிடம் மன்னிப்புக் கேட்க ஒருவரும் முன்வரவில்லை.

ட்ரேசி தன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஓல்ட்ராய்ட் கண்ணாடியைத் தட்டினார்.

"நீ எதையும் மறக்கல, கண்ணு. வீட்டுக்குப் போ."

ட்ரேசி நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்: "எதுக்காகக் கொன்னாராம்?"

ஓல்ட்ராய்ட் சொன்னார்.

ட்ரேசி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான் வேலைய மோசமா செஞ்சிருந்தா அவங்க உயிரோட இருந்திருப்பாங்க" என்றாள்.

வேன் கிளம்பும்வரை சார்ஜென்ட் அங்கேயே நின்றிருந்தார்.