வயரைப் பிடுங்கிய பிறகு ஆடியவள்

"ரொம்ப அழகா ஆடினே, சின்னது" என்று அக்கா போனில் சொன்னபோது, பல் டாக்டரின் கையில் மோடம் பெட்டியிலிருந்து பிடுங்கிய வயர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பிடுங்கியது அவளேதான். எலியும் கடிக்கவில்லை, இடியும் விழவில்லை. கிளினிக்கின் பின்னறையில், மதியம் நோயாளிகள் வராத இடைவேளையில், லேப்டாப்பில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, அலமாரிக்குப் போய், நிதானமாகப் பிடுங்கினாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது கூட அந்தக் கைக்கு அவ்வளவு நிதானம் வராது.

பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் மேசைக்கு நாலு பேர். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. இவளும் அக்காவும் ஒரு ஜோடி. எதிர் ஜோடி, ஓய்வுபெற்ற ஜட்ஜும் அவருடைய பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரும். இத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலம் கேட்டு ஜெயித்தவர் ஆட வேண்டும். அவருடைய ஜோடி தன் சீட்டையெல்லாம் மேசையில் திறந்து வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செய்கிற அசட்டுத்தனம் அத்தனையும் ஜோடியின் கண்ணெதிரே நடக்கும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அக்காவின் அந்த மௌனத்தைத்தான் இவளால் தாங்க முடியாது. அன்றைக்கு அக்கா திறந்து வைத்தது தங்கமான சீட்டு. இவளோ துருப்பை எண்ணுவதில் கோட்டை விட்டுவிட்டாள். இன்னும் ஒரு சீட்டு இறங்கினால் மானம் கப்பலேறிவிடும்.

ஆனால் அந்த விளையாட்டுத் தளத்தில் ஒரு வசதி. யாருக்காவது இணைப்பு அறுந்தால் அவர் இடம் சிவப்பாகும். மற்றவர்கள் காத்திருப்பார்கள். வராவிட்டால் அந்த ஆட்டமே செல்லாது. ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. "பாவம் டாக்டர், அவங்க பக்கம் நெட் ரொம்ப மோசம்" என்று ஜட்ஜ் எழுதுவார். அந்தப் பரிதாபத்தை இவள் எத்தனையோ மதியங்கள் வாங்கிக்கொண்டாள். போதாக்குறைக்கு, வரவேற்பில் இருக்கும் அம்மாளின் காதில் விழும்படி இணைப்புக்காரனைத் திட்டுவாள். நடிப்பு என்று இறங்கினால் முழுசாக நடிக்க வேண்டாமா?

"என்னடி பேசாம இருக்கே? கடைசியில அந்த சின்ன கிளாவரைப் போட்டே பாரு, ஜட்ஜ் முகத்துல ஈயாடியிருக்காது."

சின்ன கிளாவரா? இவள் போடவே இல்லையே. லேப்டாப் திரையில் 'தொடர்பு இல்லை' என்ற எழுத்துகள் அப்படியே நின்றன. பெட்டியில் ஒரு விளக்கு கூட எரியவில்லை.

நெட் போய்விட்டதே அக்கா, நான் ஆடவில்லையே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஏதோ... சீட்டு நல்லா விழுந்துச்சுக்கா" என்றாள்.

போனை வைத்த பிறகு முகம் கொதித்தது. கண்ணாடி பார்க்காமல் கை கழுவினாள்.

வயரைச் செருகிப் பார்த்தாள். ஆட்டம் அவள் பெயரில் பதிவாகியிருந்தது, கேட்ட பிடிகள் அத்தனையும் எடுத்து. தளத்தின் இயந்திரம் ஏதாவது இவள் இடத்தில் உட்கார்ந்து ஆடியிருக்கும், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது நிம்மதியாகவும் இருந்தது. அடுத்த முறை தோற்கப்போனபோது கொஞ்சம் சீக்கிரமாகவே பிடுங்கினாள். அடுத்தும். ஒவ்வொரு தடவையும் அக்காவிடமிருந்து பாராட்டு. ஒவ்வொரு தடவையும் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

தளத்தில் மேசையை அமைக்கிற ஜட்ஜிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் எழுதிக் கேட்டாள், மேசையில் இயந்திரத்தை ஆடவிடுகிறீர்களா என்று. "சேச்சே, மெஷின் கூட ஆடுறதுக்குப் பதிலா நான் கவிழ்ந்தடிச்சுத் தூங்குவேன். முதல்லயே நிறுத்தி வச்சாச்சு" என்று பதில் வந்தது.

அதைப் படித்தபோது முன்னறையில் கம்ப்ரெஸர் உறுமி ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகு வருகிற அமைதி அவளுக்குப் பழக்கம்தான். கிராம்புத் தைலமும் ரப்பர் கையுறையும் கிருமிநாசினியும் கலந்த அந்த வாடையும் இருபது அடி தள்ளிச் சொட்டுகிற குழாயின் சத்தமும் அவள் வாழ்நாளின் பாதி. ஆனால் அன்றைக்கு அந்த அமைதிக்குள் இன்னொன்று இருந்தது. மௌஸைத் தட்டுகிற சின்ன ஓசை. அவள் கை மௌஸ் மேல்தான் இருந்தது, விரல் அசையவில்லை.

மறுநாள் அக்கா அழைத்தாள். குரல் குழறினாலும் அதில் ஒரு துள்ளல்.

"நேத்து கேட்டியே, கை எப்படி இருக்குன்னு. இன்னிக்கு ரெண்டு விரல் மடங்குதுடி! நர்ஸ் கூட ஆச்சரியப்பட்டுட்டா."

இவள் கேட்கவில்லை. நேற்று கேட்கவில்லை, போன மாதமும் கேட்கவில்லை. பக்கவாதம் வந்து அக்கா படுத்ததிலிருந்து ஒரு தடவைதான் போய்ப் பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவளுக்கு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அக்காவின் வாயைப் பார்க்கத் திராணியில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டு, அவசரக் கேஸ் இருக்கிறதென்று ஓடிவந்துவிட்டாள். அப்புறம் அக்கா ஆசையாக, "வீடியோவுல வாயேன், முகத்தைப் பார்த்துட்டே ஆடலாம்" என்று எத்தனை தடவை கேட்டாள்! அதற்கும் அதே பல்லவி: "நெட் தாங்காதுக்கா." அவர்களுக்கு நடுவில் மிச்சமிருந்தது இந்தச் சீட்டாட்டம் மட்டும்தான். அதையும் இப்போது வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னல்லாம் ஆட்டம் முடிஞ்சா விட்டா போதும்னு ஓடுவே. இப்பதான் என் தங்கச்சி மாதிரி இருக்கே" என்றாள் அக்கா. "நான் அழுதப்போ நீயும் அழுதியே, அதுவே போதும்டி எனக்கு."

இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது; முதலில் வந்தது வெட்கம். யாரோ ஒருத்தி தன் அக்காவோடு அழுதிருக்கிறாள். தான் அழவில்லை.

அன்று மதியம் வயரை இரண்டு முனையிலும் கழற்றிச் சுருட்டி, வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். லேப்டாப்பை மூடினாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னறைக்கு வந்து, வேர் சிகிச்சைக்கு வந்திருந்த ஒருவரின் வாய்க்குள் விளக்கைத் திருப்பினாள். ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் வரவேற்பு அம்மாள் தலையை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"டாக்டர்... நீங்க இங்கயா இருக்கீங்க?"

"வேற எங்க இருப்பேன்?"

"இல்ல, உள்ள அக்காகிட்ட பேசிட்டிருந்தீங்களே. சிரிச்சீங்க. அதான் தொந்தரவு பண்ண வேண்டாம்னு..." அந்த அம்மாள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எனக்கே சந்தோஷமா இருந்துச்சு."

நோயாளி வாயைத் திறந்தபடி கண்ணை உருட்டினார். டாக்டரின் கை பைக்குள் போனது. வயர் அங்கேதான் இருந்தது, கதகதப்பாக.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். நான்தான் பிடுங்கினேன், தோற்கப் பயந்து பிடுங்கினேன், உன் முகத்தைப் பார்க்கப் பயந்து பொய் சொன்னேன், நீ பாராட்டினது என்னை இல்லை. அக்கா காறித் துப்பட்டும். துப்பினாலும் அது தனக்கென்று வந்ததாக இருக்குமே.

மதியம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில்லை. வரவேற்பு அம்மாளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்னறையில் வயரைச் செருகி, லேப்டாப்பைத் திறந்து, வாழ்க்கையில் முதல் முறையாக கேமராவின் மேல் தானே ஒட்டிவைத்திருந்த பிளாஸ்திரியை உரித்தாள். அதன் பசை விரலில் ஒட்டியது. வீடியோ பொத்தானை அழுத்தப் போனாள்.

பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவள் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. வெளியே, தெருமுனையில் குழி தோண்டுகிறவர்கள் கத்திக்கொண்டது கேட்டது; கேபிளை வெட்டிவிட்டார்களாம். தெரு முழுக்க இணைப்பு போய்விட்டது. இத்தனை நாள் சொன்ன பொய், சொல்லக் கூடாத நேரம் பார்த்து உண்மையாகிவிட்டது.

போன் இருக்கிறதே என்று முன்னறைக்கு ஓடினாள். ஜன்னல் ஓரம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அடித்தாள். அக்காவின் போன் வேறு பேச்சில் இருந்தது. மறுபடி அடித்தாள். வேறு பேச்சில். கடைசியில் அக்காவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் எண்ணுக்கு அடித்தாள்.

"அம்மா இப்ப பேச மாட்டாங்க. தங்கச்சி கூட வீடியோவுல இருக்காங்க. அப்புறமா கூப்பிடுங்க."

"நான்தான் தங்கச்சி."

"யாரும்மா நீங்க? அவங்க தங்கச்சியை நான் இதோ பார்த்துட்டு இருக்கேன்" என்றாள் நர்ஸ். "படுத்திருக்கிற மனுஷிகிட்ட விளையாடாதீங்க."

வைத்துவிட்டாள்.

பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அக்காவின் சிரிப்பு. அதோடு சேர்ந்து இன்னொரு சிரிப்பு. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பல் நாற்காலியைத் தாண்டி, கருவிகள் வைக்கும் தட்டைத் தாண்டி. கதவு பாதி திறந்திருந்தது. சாத்திவிட்டு வந்தோமா? நினைவில்லை.

வாசலில் நின்றாள். பெட்டியில் விளக்கு இல்லை. நாற்காலி காலி. லேப்டாப் மட்டும் ஒளிர்ந்தது.

திரை நிறைய அக்கா. இழுத்துக்கொண்ட வாய். ஓரத்தில் வழிவதை நர்ஸின் கை துடைத்துவிட, அக்கா வெட்கமே இல்லாமல் சிரித்தாள். எவ்வளவு அழகாக இருந்தாள் அக்கா! இந்த முகத்தையா பார்க்கப் பயந்தேன்?

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் இந்த அறை. இந்த அலமாரி. இந்த நாற்காலி.

அதில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியைப் பார்த்தாள். காலி. கட்டத்தைப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கிறாள். காதோர முடியை ஒதுக்குகிறாள். அக்காவின் வாயையே பார்க்கிறாள், கண்ணை எடுக்காமல், ஆசையாக. அவளுக்குப் பின்னால், வாசலில், கையில் போனோடு ஓர் உருவம்.

அக்கா கண்ணைச் சுருக்கினாள். "உன் பின்னாடி யாருடி நிக்கிறது?"

"அக்கா!" என்று கத்தினாள். "நான்தான்க்கா! இங்க பாரு, நான்தான்!"

கட்டத்துக்குள் நாற்காலியில் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருமில்லக்கா. என் கோட்டு தொங்குது" என்றாள் இவளுடைய குரலில், இவளிடம் என்றும் இல்லாத பொறுமையோடு. "நீ ஏலம் கேளு, கண்ணு."

அக்காவின் கண்கள் சீட்டுக்கு இறங்கின. குழறல் குறைந்திருந்தது. "ரெண்டு ஆட்டின்" என்று ஏலம் கேட்டாள், பெருமையாக.

மூலைக் கட்டத்தில், வாசலில் நின்ற உருவம் வாயை அகலத் திறந்து திறந்து மூடியது. சத்தம் எதுவும் போகவில்லை.