பன்னிரண்டு வோல்ட் விளக்கு

மேசையோரத்துப் பல்பு மூச்சு வாங்குவதுபோல் எரிவதைத் தர்மேந்திரன் கருமாதிக்கு மறுநாள் மாலையில்தான் கவனித்தான். சட்டென்று ஏறியது, இழுத்து இழுத்து இறங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட், ஆடாமல் நின்றது. பல்பு மட்டும் ஏறியது, இறங்கியது.

ரந்தாவ் ஊருக்கு வெளியே, பாமாயில் தோட்டத்தின் கணக்கருக்குக் கட்டிய பழைய கிராணி வீடு அது. ஜன்னலுக்கு அப்பால் செம்பனை மட்டைகள் மழைக்கு முந்தைய காற்றில் ஒன்றோடொன்று உரச, ஆலைப் பக்கமிருந்து வந்த புளித்த எண்ணெய் வாடை, வீட்டைவிட்டு இன்னும் போகாத சாம்பிராணி வாசத்தோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. அதற்கெல்லாம் அடியில், இரவும் பகலும் ஓயாத முனகலாக, அந்தப் பழைய ஒர்க்ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் அவன் மனைவி புனிதாவின் குரல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தபோது, தன் ஆய்வுக்காகத் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்து அதில் பதிந்திருந்தாள். ஆய்வகத்தைக் காலி செய்தபோது பழைய இரும்புக்குப் போக இருந்ததை அவன்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தான். கைப்பேசியில் அவள் எழுத்து மட்டும்தான் அனுப்புவாள். வீடியோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆஸ்துமா வந்து, மழையில் சிரம்பான் மருத்துவமனைக்குப் போகும் வழியில், காரிலேயே போய்விட்டாள். வேறு குரல் இல்லை.

இயந்திரத்தின் பவர் சப்ளை எப்போதோ கருகியிருந்தது. அந்த மாதிரி இப்போது எங்கும் கிடைக்காது. அவள் போன பிறகு, சாதாரணக் கணினிக்கு விற்கும் ஒன்றை வாங்கி, பிளக்கின் ஊசிகளைக் கழற்றி, பழைய போர்டு கேட்கும் வரிசைக்கு மாற்றிச் செருகினான். ஒரு வயர் மாறினாலும் எல்லாம் புகைந்துவிடும். புது சப்ளை இன்னொன்றும் கேட்டது. ஒர்க்ஸ்டேஷன் ஐந்து வோல்ட்டையே குடித்தது. பன்னிரண்டு வோல்ட் பக்கம் சுமையில்லாமல் அலைந்தது. அதை அடக்க ஒரு கார் பல்பை எடுத்து வைத்தான்.

“இது என்ன மாப்ள, கார் லைட்டா?” துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த மாமியார் பஞ்சாலை கேட்டார்.

“அவளுக்கு ஏத்துற விளக்கும் இதுவே இருக்கட்டும் அத்த. நான் வேலைக்குப் போயிட்டா எண்ணெய் ஊத்த ஆளில்ல. இது நிக்காது.”

“உங்களுக்கு எல்லாமே வயருதான். சரி லா, எதுல எரிஞ்சாலும் அவ பேரச் சொல்லி ஏத்துங்க. கருமாதி அன்னிக்கு மறக்காம மலையேத்திடணும். இல்லன்னா போக வழி தெரியாம நிப்பா.”

புனிதா என்று சொல்லித்தான் பல்பைச் செருகினான். சுவிட்சுக்குப் பதிலாகப் பச்சை வயரைக் கறுப்போடு முறுக்கினான். விசிறி சுழன்றது. பல்பு எரிந்தது.

பழைய டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாது. குரலை மெல்லிய கேபிள் வழியாக ஊர ஊரத்தான் தன் கணினிக்கு எடுக்க முடிந்தது. கருமாதியன்று போர்ட்டிக்சன் கடற்கரையில், தலையில் ஈரம் சொட்ட நின்றவனிடம் பஞ்சாலை கேட்டார்.

“விளக்க மலையேத்திட்டீங்கல்ல?”

“ஏத்திட்டேன் அத்த.”

விளக்கை அணைக்கவில்லை; குரல் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. வேறு பல்பு மாற்றியிருக்கலாம். ஓடுகிற இயந்திரத்தில் கைவைக்க மனம் வரவில்லை.

இப்போது, பல்பு ஏறி இறங்கும் வெளிச்சத்தில், கடைசிச் சொல்லும் வந்து சேர்ந்தது. அம்மி முதல் வைகறை வரை எல்லாம் பத்திரம். இனி அணைத்துவிடலாம். வயரை நோக்கிக் கை போனபோதுதான், திரையில் இன்னொரு கோப்பு இருப்பதைக் கண்டான். பெயரில்லை. அளவு கூடிக்கொண்டே இருந்தது. அந்த இயந்திரத்தில் மைக் எதுவும் இல்லை.

ஹெட்போனை மாட்டினான்.

மழை. கார் வைப்பர் தேயும் சத்தம். பிறகு ஓர் ஆணின் குரல். அவன் குரல்தான். “கொஞ்சம் பொறு. ராசா வந்துருச்சு.”

சிரம்பானை ஒட்டிய ராசா வந்தபோது அவளிடம் சொன்னது; அந்தக் காரில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

இழுப்பு. நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஓர் இழுப்பு. பல்பு அதனோடு ஏறியது, அதனோடு இறங்கியது. ராசா வந்துருச்சு. மறுபடி மழை. ராசா வந்துருச்சு. கார் ராசாவைத் தாண்டவே இல்லை. அவள் இன்னும் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

பிறகு, அன்று அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“தர்மா. வெளிச்சம் சுடுது. அணைச்சிடு.”

விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

கருமாதி முடிந்து ஊர் திரும்பியிருந்த பஞ்சாலை காலையில் போன் செய்தார். “கனவுல வந்தா மாப்ள. மூச்சு வாங்குதுன்றா. மெய்யாவே மலையேத்தினீங்கதானே?”

“ஏத்திட்டேன் அத்த. தூங்குங்க.”

தெமியாங்கில் கணினிக் கடை வைத்திருக்கும் தேவன், கரண்டு போனாலும் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இருப்பதிலேயே பெரியது.

“இன்னும் அந்தக் கிழட்டு மெஷினக் கட்டிக்கிட்டு அழுவுறியா? காப்பிதான் எடுத்தாச்சே. தூக்கி லோங்காங் சாக்கடையில போடுடா.”

“அவ இன்னும் பேசி முடிக்கல.”

தேவன் சிரிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சொல் பட்டியலில் இருந்தவள் அம்மி என்றாள், ஆடு என்றாள். இவள் அவன் பெயரைச் சொன்னாள். அதுதான் வித்தியாசம். வண்டி ஓட்டிக்கொண்டே அதை மட்டும் நினைத்தான். வேறெதையும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வானம் கறுத்திருந்தது. ஓடும் சப்ளையை நிறுத்தாமல் பேட்டரிப் பெட்டிக்கு மாற்ற, இரண்டு வயர்களையும் உரித்து, மின்சாரம் ஓடும்போதே உயிரோடு சேர்த்து முறுக்கினான். விரலில் பொறி சுட்டது. பொருட்படுத்தவில்லை. ஹெட்போனை மாட்டினான்.

“தர்மா. போதும். விட்டுடு.”

“வந்துருச்சு புனிதா. கொஞ்சம் பொறு.”

இடி விழுந்தது. தோட்டம் முழுக்க இருண்டது. ஆலை நின்றது. விசிறி நிற்கவில்லை.

பல்பு எரிந்தது.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

இறங்கவில்லை.

காதில் மழையும் இல்லை. வைப்பரும் இல்லை. மிக அருகில், அடைபட்ட மூச்சு.

பல்பின் கண்ணாடி வெளுத்தது. தொட்டுத் துடைத்தான். போகவில்லை. ஈரம் உட்புறத்தில்.

உள்ளிருந்து ஒரு விரல் அதைத் துடைத்தது. நெல் அளவு விரல். துடைத்த இடத்தில் ஒரு கண் வந்து ஒட்டியது.

தர்மேந்திரன் வயரை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். அந்தக் கண் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.