நெட்டை மரத்து நீலப் பெட்டி

"பெட்டி இருக்கறது மேக்க. காத்து போறது கெழக்க. அப்பறம் எப்படிங்க சார் போய்ச் சேர்றது?"

மயிலாத்தாள் கேட்ட கேள்வி நியாயமானதுதான். கேட்டது எட்வினிடம். அவர் சென்னைப் பெரம்பூர்க்காரர். பன்னிரண்டு வருஷமாக வெப்பக்காற்று பலூன் ஓட்டுகிறவர். கையிலிருந்த வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் மேற்கு மேற்காகவே இருந்தது.

தை மாதக் காலை, மணி ஐந்தே முக்கால். ஆனைமலை அடிவாரத்தில், கரட்டுப்புதூர் மைதானத்தில் ஆறு பலூன்கள் வயிறு புடைத்து எழுந்துகொண்டிருந்தன. பலூன் திருவிழாவின் கடைசி நாளான அன்று புதையல் போட்டி. மேற்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. அதிலேயே உயரமான நெட்டை மரத்தின் கொண்டையில் ஒரு நீலப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். பலூனில் பறந்து போய் அதை எடுக்க வேண்டும். கையால்தான் எடுக்க வேண்டும். தொரட்டி, கயிறு எதுவும் ஆகாது. கூடையை விட்டு இறங்கக் கூடாது. மரத்தில் கால் வைக்கக் கூடாது.

வழிகாட்ட ஒவ்வொரு பலூனிலும் உள்ளூர் ஆள் ஒருவர். வெல்கிற பலூனை ஓட்டுகிறவருக்குக் கோப்பை. கூடப் போன உள்ளூர் ஆளுக்குப் பலூன் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருஷப் படிப்பு, முடித்தால் உரிமம். கோப்பையை விட்டுத் தள்ளுங்கள். மயிலாத்தாளுக்கு வேண்டியது அந்தப் படிப்பு!

அவளுக்கு வயது இருபத்தேழு. பத்து வருஷமாகத் தென்னை ஏறுகிறாள். ஒவ்வொரு தை மாதமும் மரத்தின் உச்சியில் உட்கார்ந்தபடி, தலைக்கு மேலே போகிற பலூன்களை அண்ணாந்து பார்ப்பாள். அறுபது அடி ஏறி வந்தும் இன்னும் கீழேதானே இருக்கிறோம் என்று இருக்கும். போன வருஷம் துணிந்து அந்தப் பயிற்சிப் பள்ளிக்கே போய்விட்டாள். வாசலில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சமையலுக்கு ஆள் கேட்டிருந்தாங்க, பின்பக்கமாப் போம்மா" என்று வழி காட்டினார். மயிலாத்தாள் திரும்பி வந்தாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள்.

"மயில் பறக்கப் போகுது, குயில் ஜீப் ஓட்டப் போகுது" என்றாள் கோகிலவாணி. மயிலாத்தாளோடு மரம் ஏறுகிறவள் அவள். பலூனைத் தரையில் ஜீப்பில் துரத்தி வருவது இன்று அவள் வேலை. "அக்கா, மேல போயி பயமாயிருக்குதுன்னு என்ற ஜீப்புல குதிச்சிராத. மேக்கூரை இல்ல."

"நீ மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டு புள்ள" என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் கூடைக்குள் ஏறினாள். மரம் ஏறும்போது கட்டும் தன்னுடைய பெல்ட்டையே இடுப்பில் கட்டி, அதன் கொக்கியைக் கூடையின் வளையத்தில் மாட்டிக்கொண்டாள்.

பனி மூட்டம் தென்னை உயரத்துக்கு மேலே கெட்டியாக நின்றது. காற்றைப் பார்ப்பதற்காக விட்ட சின்ன பலூன் அதற்குள் போய் மறைந்துவிட்டது. பனிக்கு மேலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஐந்து பலூன்களும் பனிக்குக் கீழேயே தவழ்ந்தன. கீழ்க்காற்றில் மாட்டி, பெட்டிக்கு நேர் எதிர்ப்பக்கமாகக் கிழக்கே நகர்ந்தன. எட்வினும் அவர்கள் பின்னாலேயே போவதாக இருந்தார்.

தலைக்கு மேலே பர்னர் சீறியது. மயிலாத்தாள் பதறிப்போய்க் கத்தினாள். "அந்தப் பக்கம் போவாதீங்க சார், மேக்க! மேக்க போங்க!"

எட்வின் பர்னரை முழுசாகத் திறந்துவிட்டார். பலூன் விருட்டென்று எழும்பியது. பனி முகத்தில் சில்லென்று அறைந்தது. கூடை, கயிறு, எதிரில் நிற்கிற எட்வின் எல்லாம் வெள்ளைக்குள் கரைந்து போயின. எண்ணி இருபது மூச்சு. பிறகு தலை வெளியே வந்தது.

அம்மாடி, என்ன காட்சி! கீழே ஊர் இல்லை, சாலை இல்லை, தோப்பு இல்லை. கறந்த பால் நுரையாகப் பனி பரந்து கிடந்தது. அதில் ஒரு கோயில் கோபுரத்தின் கலசமும் ஒரு செல்போன் கோபுரமும் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. மேற்கே ஆனைமலைத் தொடர் கருநீலத்தில் நெடுக எழுந்து நின்றது. காற்றோடு காற்றாகப் போவதால் காதில் ஒரு சத்தமில்லை, முடி ஒன்று கூட அசையவில்லை. எங்கோ கீழே ஒரு பெண் யாரையோ டீ குடிக்கக் கூப்பிடுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மயிலாத்தாள் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"எந்தப் பக்கம் போறோம்னு பாரும்மா" என்றார் எட்வின் மெதுவாக.

மலை கிட்டே வந்துகொண்டிருந்தது. அவர்கள் போவது மேற்கே!

"நீ சொன்னது கரெக்ட். மேல போன்னு சொன்ன, போனேன். மேல காத்து வேற மாதிரி கீது."

"நான் மேலன்னு எங்கீங்க சொன்னேன்? மேக்கன்னு தெசையச் சொன்னேனுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்வின் சிரித்த சிரிப்பில் கூடையே குலுங்கியது. "பர்னர் சத்தத்துல எனக்கு மேலன்னு வுழுந்துச்சு. அது சரி, இந்த ஊர்ல மேல போனா மேக்கு. கீழ எறங்குனா?"

"கெழக்குங்க" என்றாள். "ராத்திரியெல்லாம் மலையில இருந்து குளுந்த காத்து கீழ வழியுமுங்க. விடியக்காலம் மரத்து மேல இருந்தா தெரியும், மட்டையெல்லாம் கெழக்க சாஞ்சிருக்கும். ஆனா வெயில் மலையில வுழுந்து எறங்கீருச்சுன்னா அந்தக் காத்து நின்னு போயிருமுங்க. ஏழேகாலுக்கெல்லாம் மட்டை அசையாது."

எட்வின் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை. திட்டம் அங்கேயே தயாரானது. மேல்காற்றில் தோப்பைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே இறங்கிக் கீழ்க்காற்றைப் பிடித்து, மரத்தை நோக்கித் திரும்பி வர வேண்டும். பலூனில் திரும்புவதற்கு இந்த ஒரு வழிதான் உண்டு. இவர்கள் பனிக்குள் ஏறி மறைந்ததை இன்னொருவரும் கவனித்திருந்தார். ஒரு பிரெஞ்சுக்காரரின் பச்சை பலூன் பனியைக் கிழித்துக்கொண்டு பின்னால் எழும்பியது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, தோப்புக்கு வந்துட்டேன். இங்க பனி கலைஞ்சிருச்சு. பெட்டி தெரியுது. நடுவரு ஒருத்தரு பைனாகுலரோட நிக்கறாரு. நீங்க எங்க இருக்கறீங்க?"

"உன்ற தலைக்கு மேல."

தோப்பைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போனதும் எட்வின் கயிற்றை இழுத்து, பலூனின் உச்சியைத் திறந்து சூட்டை வெளியேற்றினார். பலூன் இறங்கியது. எழுபது அடியில் கூடை ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு சொன்னபடியே கிழக்கே நகர ஆரம்பித்தது. எதிரே மற்ற மரங்களுக்கு மேலே ஓர் ஆள் உயரம் ஓங்கி நின்றது அந்த நெட்டை மரம். அதன் கொண்டையில், இவர்களைப் பார்த்த பக்கத்தில், நீலப் பெட்டி!

நூறு அடி. ஐம்பது அடி. மயிலாத்தாள் கூடைக்கு வெளியே பாதி உடம்பைச் சாய்த்தாள். கூடை சாயாமலிருக்க எட்வின் எதிர்ப்பக்கம் நின்றார். அவருக்குப் பெட்டி தெரியவில்லை.

"எந்தப் பக்கம்மா?"

"மேக்க பக்கமுங்க! மேக்க!" அவள் விரல் பெட்டியைத் தொட்டே விட்டது.

பர்னர் சீறியது. கூடை எழும்பியது. பெட்டி விரலிலிருந்து நழுவிக் கீழே போனது. கண் மூடித் திறப்பதற்குள் மரத்தின் கொண்டை அவர்கள் காலுக்கடியில் கடந்து பின்னால் போய்விட்டது.

மயிலாத்தாள் திரும்பவில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எட்வினுக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ மறுபடியும் தெசையச் சொன்ன. நான் மறுபடியும் மேலன்னு கேட்டுக்கினேன். என் தப்பும்மா. ஒரு தபா சிரிச்சுட்டு வுட்டேன் பாரு, அப்பவே பேசித் தீத்திருக்கணும்."

"தொட்டுட்டனுங்க சார்" என்றாள் அவள். "கையில பட்டுதுங்க."

"மணி ஆறு அம்பது. ஒரு சிலிண்டர் மிச்சம் கீது. இன்னொரு சுத்து போலாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "போலாமுங்க. ஆனா இனிமே தெசையே பேச வேண்டாமுங்க. மேல போறதுக்கு ஏத்து. கீழ வாறதுக்கு எறக்கு. பெட்டி பக்கத்துல வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன், என்ற கையப் பாருங்க."

"ஏத்தட்டா?"

"ஏத்துங்க."

மறுபடியும் மேலே, மறுபடியும் மேற்கே. இதற்குள் பச்சை பலூன் முந்திக்கொண்டு இறங்கியது. ஆனால் பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் வடக்கே தள்ளி இறங்கிவிட்டார். மரத்துக்கு இருநூறு அடி தள்ளி வெறுங்கையோடு கடந்து போனார். போகும்போது தொப்பியைக் கழற்றி இவர்களுக்கு ஆட்டினார். நல்ல மனுஷன்.

ஏழு பத்து. மலையின் பாதி வரை வெயில் இறங்கிவிட்டது. "எறக்குங்க" என்றாள் மயிலாத்தாள். "இன்னும் கொஞ்சம். போதும்." கூடை கிழக்கே திரும்பியது. முதல் தடவை ஓட்டமாக வந்த காற்று இப்போது நடையாக வந்தது. நடை தளர்ந்தது. ஊர்ந்தது. மரத்துக்குப் பத்தடி இருக்கும்போது நின்றே விட்டது.

ஒரு மட்டை அசையவில்லை. ஆறு மாடி உயரப் பலூன் அந்தரத்தில் அப்படியே நின்றது. பெட்டி எதிரே பளிச்சென்று தெரிந்தது. பத்தடிதான், ஆனால் எட்டாது. ஏற்றினால் மேற்கே போய்விடும். இன்னொரு சுற்றுக்கு எரிவாயு இல்லை. எட்வின் பர்னரிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

மயிலாத்தாள் மரத்தைப் பார்த்தாள். பத்து வருஷமாகப் பார்க்கிற பார்வை. அடியில் பழுத்துத் தொங்குகிற மட்டைகளை அவள் கண் ஒதுக்கியது. அவை இழுத்தால் கையோடு வந்துவிடும். உச்சிக் குருத்தும் ஆகாது. நடுவில், முறுக்கேறிய பச்சை மட்டை ஒன்று கூடைப் பக்கமாக நீண்டு வந்திருந்தது. அதன் நுனி ஓலை கைக்கெட்டும் தூரம்.

"சார், மரத்துல கால்தான வெக்கக் கூடாது?"

"ஆமா."

"கை வெக்கலாமுங்களா?"

எட்வின் விதிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "கையைப் பத்தி எதுவும் சொல்லலை."

அவள் ஓலை நுனியை எட்டிப் பிடித்தாள். கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். முதலில் எதுவும் நடக்கவில்லை. ஓலை விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மட்டை வளைந்தது, முறியவில்லை. பிறகு அந்தப் பிரம்மாண்டமான பலூன், கூடையும் மனுஷரும் சிலிண்டருமாக, ஒரு பெண்ணின் இரண்டு கைக்குக் கட்டுப்பட்டு மெல்ல மரத்தை நோக்கி நகர்ந்தது. கீழே நடுவர் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். எத்தனையோ நாட்டில் எத்தனையோ பலூன் பார்த்தவர் எட்வின், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

எட்டடி. ஐந்தடி. இரண்டடி. மயிலாத்தாள் ஒரு கையில் மட்டையைப் பிடித்தபடி மறு கையால் முடிச்சை அவிழ்த்தாள். நீலப் பெட்டி கூடைக்குள் வந்து விழுந்தது.

"இறங்கல, கால் வெக்கல, நான் பாத்தேன்!" என்று கீழேயிருந்து நடுவர் கத்தினார். கோகிலவாணி ஜீப்பின் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

காற்றில்லாததால் பலூனைத் தரைக்குக் கொண்டுவருவது ஒரு தனிக் கூத்தானது. எட்வின் கயிறு போட, கோகிலவாணி அதை ஜீப்பில் கட்டி, கன்றுக்குட்டியை ஓட்டிப் போகிற மாதிரி பலூனைப் பக்கத்து நிலக்கடலைக் காட்டுக்கு இழுத்துப் போய் இறக்கினாள். மூவரும் ஜீப்பில் மைதானத்துக்குத் திரும்பியபோது தப்பட்டை அடித்து வரவேற்றார்கள். பச்சை பலூன்காரர் ஓடி வந்து மயிலாத்தாளின் கையைக் குலுக்கப் போனார். உள்ளங்கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, தலை குனிந்து வணங்கினார்.

மேடையில் எட்வினிடம் ஜெயித்த ரகசியத்தைக் கேட்டார்கள். "பக்கத்துல நிக்கறவங்க சொல்றது சரியா கேக்கலைன்னா, வெக்கப்படாம இன்னொரு தபா கேட்டுடணும். நான் கேக்காம வுட்டதுல இவங்க கை கிழிஞ்சுடுச்சு" என்றார். அவருக்குப் பேசத் தெரிந்தது அவ்வளவுதான். கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பெட்டிக்குள் ஒரு விண்ணப்பம் இருந்தது. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். விழாக் குழுத் தலைவர் பேனாவை நீட்டினார். மயிலாத்தாளின் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. விரல் மடங்கவில்லை.

"குடுக்கா, நான் எழுதறேன்" என்றாள் கோகிலவாணி.

"வேண்டாம் புள்ள. இத நானே எழுதோணும்."

பேனாவை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து எழுதினாள். வரி கோணியது, எழுத்து ஒன்றோடொன்று இடித்தது. ஆனாலும் முழுப் பெயரும் எழுதி முடித்தாள். கோகிலவாணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் தாளை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். "படிப்பு ஜூன் மாசந்தாம்மா ஆரம்பிக்குது. இன்னும் அஞ்சு மாசம் இருக்குது. சௌகரியமா வந்து சேரு."

"ஏனுங்க, நாளைக்கே வந்தா ஆகாதுங்களா?"

"இந்தக் கையோடயா?"

"கை ஆறீருமுங்க" என்றாள் மயிலாத்தாள். "நான் வந்து கயிறாவது சுத்திக் குடுக்கறேன்."