உன் பக்கமா இழு

காய்ந்த கம்பளம் அவ்வளவு கனக்கக் கூடாது. நாலு ஆள் சேர்ந்து தூக்கியும், ஊறவைத்த மாட்டுத்தோலைச் சுமக்கிற மாதிரி முட்டி மடங்கித்தான் நடந்தார்கள். தோல் கம்பெனியின் விருந்தினர் பங்களாவில், நடு ஹாலில் தொப்பென்று போட்டு விரித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். ஜெபராணி குனிந்து தொட்டுப் பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை.

பங்களாவைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. புருஷன் ஜெயகரன் அதே கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடுகிறவன். ஐப்பசியில் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்றார் மேனேஜர் சம்பத். செருப்பைத் தொட்டியோரம் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு எவனாவது பெங்களூர் போவானா? அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, எப்படியாவது அவரை என்கிட்ட கொண்டுவந்து சேரும். எப்படியாவது.

“நாளைக்குத் தோல் வாங்குற ஜெர்மன்காரர் வர்றாரும்மா. கறை ஒண்ணும் தெரியக் கூடாது.” சம்பத் மெட்ராசிலிருந்து வந்திருந்த கம்பளம் கழுவும் மெஷினைத் தட்டிக் காட்டினார். “கீழ்த் தொட்டியில நல்ல தண்ணி, பவுடர். சிவப்பு லைட்டு அணைஞ்சா சூடாய்டுச்சுன்னு அர்த்தம். இதை அமுக்கினா பீச்சும். விட்டுட்டு இழுத்தா அழுக்கை உறிஞ்சி மேல் தொட்டிக்கு அனுப்பிடும். முன்னால தள்ளாத. உன் பக்கமா இழு.”

“இன்னா சார், கம்பளம் இந்தக் கனம் கனக்குது?”

“ஐப்பசியிலருந்து கோடவுன்ல சுருட்டிக் கெடந்துது. தூசி ஜாஸ்தி.”

சொல்லிவிட்டு, கம்பளத்தின்மேல் கால் படாமல், சுவரோரமாகவே சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

வெளியே பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பவுடரைக் கரைத்து ஊற்றி, சுவிட்சைப் போட்டு, அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, தொட்டிக்குள் தண்ணீர் முனகி முனகிச் சூடேறியது. விளக்கு அணைந்தது. கம்பளத்தில் வெறுங்காலோடு ஏறி நின்று, குழாய் நுனியின் அகலமான வாயைப் பதித்து அமுக்கினாள். ஆவி குப்பென்று எழுந்தது. சுண்ணாம்பு நாற்றம். அதனாலென்ன? ஆம்பூர்க்காரிக்கு நாற்றம் என்று தனியாக ஒன்று உண்டா, என்ன!

இழுத்தாள். மேல் தொட்டியின் கண்ணாடி மூடிக்குள் பழுப்புத் தண்ணீர் சுழன்றது. தோல் பதனிடுகிற பட்டைத் தூள்தான், எல்லார் காலிலும் ஒட்டி வருவது. கூடவே மயிர். ஆட்டு மயிராக இருக்கும். இந்த ஊரில் சோற்றிலேயே கிடக்கிறதே! நிறைந்ததும் பக்கெட்டில் பிடித்து, கொல்லைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். மறுபடி நிறைந்தது. மறுபடியும் கொட்டினாள். பாதிக் கம்பளம் செக்கச்செவேலென்று பளிச்சிட்டது. ஜெர்மன்காரர் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள்.

மூன்றாவது முறை ஆவியில் வேறொரு வாசம் வந்தது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். சுண்ணாம்பில் வெந்து வெடித்த ஜெயகரனின் பாதங்களுக்குத் தினமும் அவள் கையாலேயே தடவிவிடுகிற எண்ணெய்.

கை நின்றது.

கண்ணாடிக்குள் பார்த்தாள். மயிர் சுருண்டு சுருண்டு ஒட்டியிருந்தது. நீளம். ஆட்டுக்கு ஏது இவ்வளவு நீளச் சுருட்டை?

கம்பளத்தைப் பார்த்தாள். ஈரம் பரவப் பரவ, இன்னும் கழுவாத பாதியில் ஒரு கறை மேலெழும்பிக்கொண்டிருந்தது. தோள். கழுத்து. கன்னத்தின் கீழே மடித்து வைத்த உள்ளங்கை. ஒருக்களித்து, அவர் எப்போதும் படுக்கிற மாதிரியே.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. சுத்தம். பளிச்சென்ற சிவப்பு.

“ஐயோ… நானே கொட்டிட்டேனே!”

பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மெஷினின் சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு மட்டும், கரண்ட் இல்லாமலே, திரும்ப எரிந்தது.

கொல்லைப் பக்கம் ஏதோ சாக்கடையிலிருந்து ஏறியது. சப். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு சப். சமையல்கட்டு. நடை. ஹால் வாசற்படி.

யாரும் இல்லை. தரையில் ஈரக் காலடிகள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவில் பழுப்பு, ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளை. குதிகாலில் வெடிப்பு. அந்த வெடிப்பை அவளுக்குத் தெரியாதா? ஓட வேண்டும். கால் நகரவில்லை. ஈரக் கம்பளம் கணுக்கால்வரை இறுக்கியிருந்தது.

காலடிகள் அவளைத் தாண்டிப் போயின. கறையின் இடுப்போரம் நின்றன. சிவப்பில் பழுப்பு ஊறியது. தொடை. முட்டி. பாதம். முழு ஆள்.

வந்துவிட்டார். எப்படியாவது என்று கேட்டாளே!

“ஏங்க…” என்றாள்.

கன்னத்தடியிலிருந்து உள்ளங்கை மெல்ல வெளியே வந்தது. பக்கத்தில், அவள் படுக்கிற இடத்தை, தடவித் தடவித் தேடியது.

மெஷினின் சிவப்பு விளக்கு அணைந்தது.

சுவரோரமாக இருந்த கம்பள விளிம்பு தானாகத் தூக்கிக்கொண்டு, மெதுவாகச் சுருளத் தொடங்கியது. அவள் பக்கமாக.